மார்கழியில் போட்ட பணம்

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் போகிற பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். முன்னால் நிற்பதில் ஏறி, ஜன்னலோரமாக ஒரு இடம் பிடித்து, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிற ரகம் நான். அக்காவும் என்னோடுதான் ஏறுவார். உட்கார்ந்த கையோடு தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்ப்பார். பின்னால் நிற்கிற பஸ்ஸில் டிரைவர் ஏறிவிட்டார் என்றால் அன்றைக்கு என் ஜன்னலோரம் போச்சு. “இறங்குடி, இறங்கு. அவன்தான் முதல்ல எடுப்பான்” என்பார். நாங்கள் இறங்கி ஓடி அந்த பஸ்ஸில் கால் வைக்கும்போது முன்னால் இருந்தது கிளம்பிப் போகும். அக்கா அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளவே மாட்டார். “அதுல ஒரே கூட்டம்டி” என்று ஒரு காரணம் தயாராக இருக்கும்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று வருவதற்கு முன்னாலாவது, டிக்கெட் எடுத்துவிட்டால் கொஞ்சம் யோசிப்பார். இலவசமானதும் அந்த ஒரு தடையும் போயிற்று. காவிரிப் பாலத்தில் நெரிசலில் வண்டி நின்றால் இறங்கி நடக்க ஆரம்பித்துவிடுவார். மாம்பழச்சாலை வருவதற்குள் நாங்கள் இறங்கிய அதே பஸ் எங்களைத் தாண்டிப் போகும். கண்டக்டர் படியில் நின்று சிரித்துக்கொண்டே போவார். “நின்னுக்கிட்டு இருக்கற பஸ்ல என்னால உக்கார முடியாதுடி, வயித்தப் பெரட்டுது” என்பார் அக்கா. ஊரில் எல்லாருக்கும் பஸ் ஓடினால் வயிற்றைப் பிரட்டும். இவருக்கு நின்றால் பிரட்டும்.

அவர் பேரை எழுதப் போவதில்லை. எழுதினால், “என் பேரை எதுக்குடி போட்டே?” என்று ஒரு போன் வரும். வராவிட்டால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும். மெயின்கார்டு கேட் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் நான் முன் மேஜையில் பில் போடுகிற பெண். அவர் உள்ளே ரத்தம் எடுக்கிற டெக்னீஷியன். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது, அவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். இரண்டு பேருக்கும் ஸ்ரீரங்கம் என்பதால் போக வர ஜோடி சேர்ந்துவிட்டோம். குழந்தைகளுக்கு ரத்தம் எடுக்க டாக்டர்களே அவரைத்தான் கேட்பார்கள். ஊசி ஏறுகிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அவர் கை கல்லாக நிற்கும். ஊசியை வெளியே எடுத்தாரோ இல்லையோ, பஞ்சு எங்கே, டியூப் எங்கே, அடுத்தது யாரு என்று மறுபடி தொடங்கிவிடுவார்.

ஒரு ஆடி மாதம் சமயபுரத்துக்குப் போனோம். தர்ம தரிசனத்துக்கு இரண்டு வரிசை. நான் ஒன்றில் நின்றேன். அக்கா அடுத்ததற்கு மாறினார், அது வேகமாக நகர்கிறதாம். கொஞ்ச நேரத்தில் என்னிடம் திரும்பி வந்தார், இதுதான் நகர்கிறதாம். பின்னால் நின்ற அம்மாள் சண்டைக்கு வந்தார். அக்கா சண்டையும் போட்டுக்கொண்டு வரிசையும் மாறினார். கடைசியில் நான் தரிசனம் முடிந்து குங்குமத்தோடு வெளியே வந்து, செருப்பையும் வாங்கிக்கொண்டு, ஒரு இளநீரும் குடித்து முடித்த பிறகு வேர்த்து வழிய வந்து சேர்ந்தார். “என்ன, நீ சீக்கிரம் வந்துட்டே?” என்று என்னையே கேட்டார்.

முக்கொம்புக்கு லேபில் எல்லாரும் சுற்றுலா போனோம். புளியோதரைப் பொட்டலத்தைக் கூட இன்னும் பிரிக்கவில்லை. “தண்ணி ரெண்டாப் பிரியுது, பாத்தாச்சு. கிளம்பலாமா?” என்றார். எங்கள் முதலாளியே சிரித்துவிட்டார்.

இதையெல்லாம் கேட்டால் அவரை ஒரு கோமாளி என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. அந்த ஓட்டத்தால் காரியமும் நடக்கும். ஒரு முறை பரிசோதனைக்கு வேண்டிய ரசாயனப் பெட்டி பால்பண்ணைப் பக்கத்துக் கூரியர் கிடங்கில் மாட்டிக்கொண்டது. இன்றைக்கு இல்லை நாளைக்கு என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். “எதுவா இருந்தாலும் நேர்ல போய் நின்னா நடக்கும்டி. போன்ல பேசினா நாம வெறும் சத்தம். நேர்ல நின்னா மனுஷி” என்றார். மின்சார இணைப்பு, ரேஷன் கார்டில் பேர் திருத்தம், என் அண்ணன் கல்லூரி சான்றிதழ் என்று எத்தனையோ அவர் போய் நின்று நடந்தவை. எங்கள் தெருவில் யாருக்காவது ஆபீஸ் வேலை என்றால் முதலில் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள்.

அவர் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். உறையூரில் ஒரு அரிசி மண்டியில் கணக்குப் பார்க்கிறவர். காலையில் போய் அங்கே உட்காருவார், சாயங்காலம் வந்து இங்கே உட்காருவார். பிள்ளைகள் இல்லை. பேச்சும் அதிகம் இல்லை. நீங்கள் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒரு ‘ம்’ தருவார். அக்கா அவர் எதிரிலேயே சொல்வார்: “இந்த ஊரே படுத்துக்கிட்டு இருக்கற பெருமாளோட ஊரு. எங்க வீட்டுலயும் ஒருத்தர் அப்படித்தான். ரெண்டு பேருக்கும் சேத்து நான் ஓடறேன்.” மாமா அதற்கும் ‘ம்’ என்று சிரிப்பார்.

அவர்கள் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் ஒத்திக்கு இருந்தார்கள். ஒத்தி என்றால் மாத வாடகை கிடையாது. ஒரு பெரிய தொகையை மொத்தமாக வீட்டு ஓனரிடம் கொடுத்துவிட்டு இருக்க வேண்டியது. காலி பண்ணும்போது அதே தொகை திரும்ப வரும். மாமா, அக்கா இரண்டு பேரும் கல்யாணத்திலிருந்து சேர்த்தது, அக்காவின் நகையை விற்றது, எல்லாம் சேர்ந்து ஆறு லட்சம். அவர்களுக்கென்று உலகத்தில் இருந்தது அதுதான். ஓனர் வீட்டை விற்றுவிட்டதால் ஐப்பசியில் பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் காலி பண்ணச் சொன்னார். அடுத்த வீடு கிடைக்கிற வரைக்கும் எங்கள் வீட்டு மாடியில் இருந்த ஒற்றை அறைக்கு வந்தார்கள்.

அக்கா அலைந்த அலைச்சலில் திருவானைக்காவலில் ஒரு வீடு அமைந்தது. அதே ஆறு லட்சத்துக்கு ஒத்தி. கார்த்திகை முடியும்போது வீடு காலியாகிவிட்டது. ஆனால் மார்கழி பிறக்கப் போகிறது. மார்கழியில் யாராவது வீடு மாறுவார்களா? எங்கள் அம்மா கூடாது என்றாள். திருவானைக்காவல் ஓனரும் கூடாது என்றார். என்றைக்கும் வாயைத் திறக்காத மாமாவே, “தையில போய்க்கலாம்” என்று முழு வாக்கியமாகச் சொன்னார். கையில் கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்து, தை மூன்றாம் தேதி முழுத் தொகையும் கொடுத்துப் பால் காய்ச்சுவது என்று முடிவாயிற்று. அக்காவின் பணம் ஒரு மாதம் முழுக்க பேங்கில் நின்றது. நின்றுகொண்டிருக்கிற எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

மார்கழி முதல் வாரம் பஸ்ஸில் என்னிடம் மெதுவாகச் சொன்னார். “பணத்தைப் போட்டுட்டேண்டி.”

“எதுலக்கா?”

“கிரிப்டோல.”

ரத்தம் கொடுக்க வந்த ஒரு ஐ.டி.காரரிடம் பேச்சுக் கொடுத்து, அவரிடமே எல்லாம் கற்றுக்கொண்டிருக்கிறார். மாமாவிடமும் சொல்லிவிட்டாராம். மாமா என்ன சொன்னார் என்று கேட்க வேண்டியதில்லை.

“நீ நெனைக்கற மாதிரி ஒரு காயினை வாங்கி வெச்சுக்கிட்டு ஏறுமா எறங்குமான்னு பாக்கறது இல்லடி” என்றார். “காந்தி மார்க்கெட்ல எந்தக் காய் நல்லதுன்னு நமக்குத் தெரியாது. தெரிஞ்ச ஒருத்தன் ஒரு கூடை கட்டி வெச்சிருக்கான். அதுல கொஞ்சம் பிட்காயின், கொஞ்சம் ஈத்தர், கொஞ்சம் வேற வேற. நாம பணம் போட்டா அந்தக் கூடைல நமக்கு ஒரு பங்கு. அவன் கத்திரிக்காய எடுத்துட்டு வெண்டைக்காய வெச்சான்னா நம்ம பங்குலயும் தானா மாறிரும். போர்ட்ஃபோலியோம்பாங்க.”

“அவன் கூடையத் தூக்கிட்டு ஓடிட்டான்னா?”

“ஓட முடியாது. பணம் அவன் கைல இல்ல, கான்ட்ராக்ட்ல இருக்கு. ஸ்மார்ட் கான்ட்ராக்ட். அது ஆளு இல்லடி, புரோகிராம். அவன் காயை மாத்தி வைக்கலாம், வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாது. போட்ட நான்தான் எடுக்க முடியும்.”

“அப்ப யாருக்கா அதுக்குப் பொறுப்பு?”

“யாரும் இல்ல. அதாண்டி விசேஷம். லஞ்சம் இல்ல, லீவு இல்ல, சார் சாப்பிடப் போயிருக்காருங்கறது இல்ல.” என் முகம் போன போக்கைப் பார்த்துத் தோளில் தட்டினார். “பெருமாளே வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபத வாசலைத் தொறந்துக்கிட்டு வெளில வந்து உலாத்தப் போறாரு. என் பணம் மட்டும் பேங்க்ல படுத்துக் கெடக்கணுமாக்கும்?”

முதலில் போட்ட கூடை நல்ல பிள்ளை. மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதை அப்படியே விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. கூடைகளை வைத்திருக்கிற அந்த இணையதளத்தில் எந்தக் கூடை எவ்வளவு ஏறியது என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். அக்கா வெள்ளைக்காரர்களும் ஜப்பான்காரர்களும் கட்டிய கூடைகளை, பின்னால் நிற்கிற பஸ்ஸைப் பார்க்கிற அதே கண்ணோடு பார்த்தார். ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டார். அங்கிருந்து வேறொன்று. ஒவ்வொரு முறை மாறும்போதும் ஒரு கட்டணம் பிடிப்பார்கள். கூட்டமான நேரமென்றால் அதிகம் பிடிப்பார்கள். “இது என்ன பஸ்ஸா அக்கா, இறங்கி ஏற ஃப்ரீயா? ஒவ்வொரு வாட்டியும் டிக்கெட் எடுக்கறீங்களே?” என்று கேட்டேன். “ஏர்றதுல அதெல்லாம் தூசிடி” என்றார்.

அந்த மார்கழி முழுக்க எங்கள் வீட்டுக்கும் அமைதி இல்லை. விடியற்காலையில் அம்மா வாசலில் கோலம் போடும்போது அக்கா மாடிப்படியில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். “ஏறியிருக்குங்க அத்தை” என்பார். அம்மாவுக்கு எது ஏறியது என்று தெரியாது. “ஆகட்டும், ஆகட்டும்” என்பாள். லேபில் இரண்டு பேருக்கு ரத்தம் எடுக்கிற இடைவெளியில் பார்ப்பார். வைகுண்ட ஏகாதசியன்று ஊரே வாசலைப் பார்த்து நின்றபோது அக்கா போனைப் பார்த்தார். எனக்குப் பயமாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. அவ்வளவு உயிரோடு ஒருத்தர் இருப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

பிறகு ஒரு நாள் ஆந்தைப் படம் போட்ட ஒருத்தரின் கூடையைப் பிடித்தார். எல்லாவற்றையும் விட அதுதான் மேலே இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை: பணத்தைப் போட்டால் இரண்டு வாரத்துக்கு எடுக்க முடியாது. “நல்லதுதாண்டி. என் கையை நானே கட்டிப் போட்டுட்டேன்” என்றார். “போகிக்கு முந்தின நாள் பூட்டு தொறந்துரும். மறுநாளே பேங்க்குக்கு வந்துரும். தை மூணாந்தேதி ஓனர் கைல பணம்.” நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அப்பாடா, இனி இரண்டு வாரத்துக்கு அக்கா எதையும் தொட மாட்டார் என்று நினைத்தேன்.

பூட்டு திறக்க நாலைந்து நாள் இருக்கும்போது லேபில் பொங்கல் போனஸ் கொடுத்தார்கள். பெரிய தொகை ஒன்றுமில்லை, ஆளுக்கு ஒரு புடவை எடுக்கலாம். அன்றைக்குச் சாயங்காலம் காவிரிப் பாலத்தில் வண்டி நின்றது. அதிசயமாக அக்கா இறங்கவில்லை. போனில் எதையோ அழுத்திக்கொண்டிருந்தார். “போனஸையும் அந்த ஆந்தைக்கே போட்டுட்டேன். கைல வெச்சிருந்தா செலவாயிரும்” என்று சிரித்தார்.

வீடு வந்து அரை மணி நேரம் இருக்காது. மாடியிலிருந்து அவர் என் பேரைக் கூப்பிட்ட குரலில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என்னோடு ஓடி வந்தாள். போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். பூட்டு திறக்கிற தேதி மாறியிருந்தது. புதிதாகப் போட்ட போனஸ் பணத்துக்கு மட்டும் இல்லை. அந்தக் கூடையில் எப்போது எதைப் போட்டாலும், அவர் பேரில் உள்ள மொத்தப் பணத்துக்கும் இரண்டு வாரம் முதலிலிருந்து ஆரம்பிக்குமாம். அது அங்கே எழுதியும் இருந்தது. அக்கா படித்து, சம்மதம் என்று அழுத்தியும் இருந்தார். ஒரு புடவைக் காசைப் போட்டதில் ஆறு லட்சம் தை மூன்றாம் தேதியைத் தாண்டிப் போய்விட்டது.

அன்றிரவே அந்தத் தளத்தின் கேள்வி பதில் குழுவில் எழுதினார். நான்தான் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். வீடு, ஒத்தி, பொங்கல் எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். மார்கழியில் ஏன் வீடு மாறக் கூடாது என்பதைக்கூட விளக்கச் சொன்னார். யாரோ ஒருவர் மரியாதையாகப் பதில் போட்டார்: உங்கள் நிலைமை புரிகிறது, ஆனால் கான்ட்ராக்டில் எழுதியிருப்பதை எங்களாலும் மாற்ற முடியாது. அக்கா விடவில்லை. “ஆபீஸ் எங்க இருக்குன்னு கேளுடி. பெங்களூர்னா நைட் பஸ் இருக்கு. சிங்கப்பூரா இருந்தாக்கூட நம்ம ஏர்போர்ட்லேர்ந்தே பிளைட் இருக்கு. போய் நிக்கறேன்.” கேட்டேன். ஆபீஸ் என்று ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது.

அதைப் படித்துச் சொன்னபோது அக்கா முகத்தில் வந்த குழப்பத்தை என்னால் மறக்க முடியவில்லை. போய் நிற்பதற்கு ஒரு இடம் இல்லாத காரியத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை. “ஒரு ஆளு கூடவா இல்ல?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பொறுப்புக்கு யாரும் இல்லை, அதுதான் விசேஷம் என்று அவர் சொன்னதை நான் ஞாபகப்படுத்தவில்லை. அந்த அளவுக்கு எனக்கு இரக்கம் உண்டு.

ஆள் இருக்கிற இடத்துக்குப் போனோம். திருவானைக்காவல் ஓனர் வயசானவர், நிதானமாகப் பேசுகிறவர். நடந்ததை அக்கா மறைக்காமல் சொன்னார். அவருக்குப் பாதி புரியவில்லை. “எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லம்மா. ஆனா முன்னாடி குடியிருந்தவங்களுக்கு நான் ஒத்திப் பணத்தைத் திருப்பித் தரணுமே. அவங்க தை வரைக்கும்னு பொறுத்துக்கிட்டாங்க” என்றார். அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கடைசியில் ஓனர், “சரி, அந்தப் பூட்டு தொறக்கற அன்னிக்கு வரைக்கும் நான் பேசிச் சமாளிக்கறேன். அதுக்கு மேல முடியாதும்மா” என்றார். வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “பாத்தியா, நேர்ல போய் நின்னா நடக்குது” என்றார். உள்ளங்கை ஜில்லென்று இருந்தது.

மாட்டுப் பொங்கலன்று சந்தை இறங்க ஆரம்பித்தது. அந்தக் கூடை மட்டும் இல்லை, எல்லாமே. ஆனால் மற்றவற்றில் போட்டவர்கள் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். அக்காவின் பணம் உள்ளேயே இருந்து கரைந்தது. ஆந்தைக்காரர் கூடையில் வைத்திருந்ததெல்லாம் வேகமாக ஏறுகிறவை. வேகமாக ஏறுவது எப்படி இறங்கும் என்று அப்போதுதான் பார்த்தேன். முதல் இரண்டு நாள் அக்கா ஓடினார். லேபிலிருந்து அந்த ஐ.டி.காரர் வீட்டுக்கு, அங்கிருந்து யாரோ ஆடிட்டரிடம், சமயபுரத்துக்கு, மறுபடி ஐ.டி.காரரிடம். எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். மூன்றாவது நாள் லேபிலிருந்து நேராக வந்தார். மாடிக்குப் போனார். பார்க்க வேண்டியவர் என்று யாரும் பாக்கி இல்லை.

மாமா தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் கொள்ளிடம் பக்கம் பார்த்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். அன்றைக்கு அக்கா இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் துணி எடுக்கப் போனேன், உட்கார்ந்திருந்தார். விளக்கேற்றிவிட்டுப் போனேன், அப்போதும் உட்கார்ந்திருந்தார். போன் உள்ளே அறையில் கிடந்தது. “பாத்து என்னடி பண்றது?” என்றார்.

பச்சை மொச்சை காலம். அம்மா ஒரு பை நிறைய மொச்சையைக் கொடுத்தனுப்பினாள். தினமும் இரண்டு பேரும் நடுவில் முறத்தை வைத்துக்கொண்டு உரித்தார்கள். மாமா பேசினார். நான் நம்பவில்லை, மாடிப்படியில் நின்று கேட்டேன். கல்யாணத்தன்று எல்லாரும் பந்தியில் இருக்கும்போது மணப்பெண் போய் வேன் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வந்த கதை. அக்கா சிரித்த சிரிப்பு கீழே சமையலறை வரை கேட்டது. “பணம் அங்க கரைஞ்சுக்கிட்டு இருக்கு, இவங்களுக்கு என்னடி சிரிப்பு?” என்றாள் அம்மா. எனக்கும் கோபம்தான். கவலைப்படுகிற வேலையை எங்கள் இரண்டு பேரிடம் விட்டுவிட்டு அவர்கள் மொச்சை உரிக்கிறார்கள் என்று தோன்றியது.

பூட்டு திறக்கிற அன்று மாமா விடியற்காலையிலேயே கோயிலுக்குப் போய் வந்தார். திறந்தபோது ஆறு லட்சத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அக்கா உடனே எடுத்துவிட்டார். அழவில்லை. குளித்துவிட்டு, மாமாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு திருவானைக்காவல் போனார். ஓனர் ரொம்ப நேரம் யோசித்தார். கடைசியில் இருப்பதை அட்வான்ஸாக வைத்துக்கொண்டு, மாதா மாதம் வாடகை கொடுத்தால் இருந்துகொள்ளுங்கள் என்றார். முன்பு இருந்தவர்களுக்கு மீதியை அவர் தன் கையிலிருந்து போட்டார். ஆக, அதே வீட்டில்தான் பால் காய்ச்சினார்கள். பால் பொங்கி வழிகிறதை நின்று பார்க்கக்கூட அக்கா இல்லை. பக்கத்துக் கடைக்கு எதற்கோ போயிருந்தார். பூட்டு திறந்துவிட்டதே, இனி அவரை யார் பிடிப்பது?

வாடகை அவருக்கு அவமானமாக இருந்தது. மண்டிச் சம்பளமும் லேப் சம்பளமும் வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாக இருந்தது. போனதை எடுத்தே தீருவேன் என்றார். பங்குனியில் மஸ்கட்டில் ஒரு லேபில் வேலை வந்தது. மூன்று வருஷம் இருந்தால் போன தொகையைச் சேர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். ரத்தம் எடுக்கிற அந்தக் கைக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு. ஏர்போர்ட்டில் மாமா ‘ம்’ என்றார். அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்தபடியே வேகமாக உள்ளே போனார்.

அதற்கப்புறம் நான் அவரை நேரில் பார்க்கவில்லை. நானும் கல்யாணமாகிக் கரூருக்கு வந்துவிட்டேன். ஆனால் அவர் போன ஆறேழு மாதத்தில், நான் இன்னும் ஸ்ரீரங்கத்தில் இருந்தபோது, ஒரு நாள் போன் பண்ணினார். “மாமாவை ஒரு எட்டு பாத்துட்டு வாடி. போன்ல ‘ம்’மைத் தவிர ஒண்ணும் வரமாட்டேங்குது. சாப்பிடறாரா, எளைச்சுட்டாரா, எம்மேல கோவமா, ஒண்ணும் தெரியல. நீ நேர்ல போய்ப் பாத்துச் சொல்லு.”

ஞாயிற்றுக்கிழமை போனேன். மாமா காபி போட்டுக் கொடுத்தார். நன்றாக இருந்தது. வீடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல், “அன்னிக்கு அந்தப் போனஸை மட்டும் போடாம இருந்திருந்தா, அந்த ரெண்டு வாரம் இப்படி மாட்டாம இருந்திருந்தா...” என்று ஆரம்பித்தேன்.

“அப்படிச் சொல்லாதம்மா” என்றார் மாமா.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“பணம் போனதுல எனக்கும் வருத்தம்தான். ராத்திரி தூக்கம் வராது. ஆனா கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல அவ எம்பக்கத்துல உக்காந்தது அதுல கடைசி நாலஞ்சு நாள்தாம்மா. எங்கயும் போகணும்னு இல்லாம உக்காந்தா. எனக்கு எவ்வளவு பேசத் தெரியும்னு எனக்கே அப்பதான் தெரிஞ்சுது.” என் டம்ளரையும் எடுத்து ஓரமாக வைத்தார். “பூட்டு தொறக்கற அன்னிக்குக் காலையில கோயிலுக்குப் போனேன்ல? எல்லாரும் பணத்துக்கு வேண்டிக்கப் போறேன்னு நெனச்சீங்க. நான் தொறக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். இன்னும் ஒரு வாரம் பூட்டியிருந்தாத் தேவலன்னு. அதுக்குள்ள மிச்சமும் போயிரும்னு எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சுதான் வேண்டிக்கிட்டேன்.”

மாடிப்படியில் நின்று கோபப்பட்ட நான் இவர்களைப் பற்றி என்ன கண்டேன்?

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். “அவகிட்ட சொல்லிராத. அங்க தனியா இருக்கா, மனசு கஷ்டப்படும்” என்றார். சரி என்று தலையாட்டினேன்.

சாயங்காலமே அக்கா கூப்பிட்டார். பின்னால் வண்டிகளின் சத்தம். மூச்சு வாங்கியது. எங்கிருந்து எங்கோ வேகமாக நடந்துகொண்டே பேசினார்.

“போனியா? எப்படி இருக்காரு? சீக்கிரம் சொல்லுடி, இன்னொரு லேப்ல பார்ட் டைம் கேக்கப் போயிக்கிட்டு இருக்கேன்.”

“நல்லா இருக்காருக்கா.”

“அவ்வளவுதானா? ஒண்ணும் சொல்லலையா?”

தலையாட்டிவிட்டு வந்தது ஞாபகம் இருந்தது. அந்த வாசலில் அவர் நின்ற விதமும் ஞாபகம் இருந்தது.

“சொன்னாருக்கா. நீங்க மொதல்ல எங்கயாச்சும் உக்காருங்க. உக்காந்தாத்தான் சொல்லுவேன்.”

“என்னடி? என்ன ஆச்சு?”

“உக்காருங்கக்கா.”

கொஞ்ச நேரம் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. மூச்சு மெல்ல அடங்கியது.

“உக்காந்துட்டேன்” என்றார். “சொல்லு.”

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.